அறுபத்தொன்றாம் பக்கத்தின் சாட்சி

3 ஜூன் 2024

மிக்ஸி ஜாடிக்கு வாஷர் வாங்க ஆவடி போனேன். வாஷர் வாங்கவில்லை.

கடை வாசலிலேயே மேசை போட்டு அந்த அடுப்பை வைத்திருந்தார்கள். கறுப்புக் கண்ணாடி. மேலே ஒன்றுமே இல்லை. எழுத்து இல்லை, பொத்தான் இல்லை, துடைத்து வைத்த சிலேட்டு மாதிரி. சீருடை போட்ட ஒரு பெண் என்னைப் பார்த்து, "சார், சும்மா கைய கிட்ட கொண்டாங்க, தொடவே வேணாம்" என்றாள். கொண்டுபோனேன். கண்ணாடிக்கு அடியிலிருந்து ஒரே ஒரு விளக்கு எழுந்து வந்தது. இளமஞ்சள். அதைத் தொட்டதும் அது அடங்கி, பக்கத்தில் மூன்று விளக்குகள் வந்தன.

"பாத்தீங்களா சார்? மத்த இண்டக்ஷன் அடுப்புல பதினாலு பட்டனும் எப்பவும் எரிஞ்சிகினே இருக்கும். எத அமுக்கறதுன்னே தெரியாது. இதுல அப்பப்ப எத தொடணுமோ அது மட்டுந்தான் எரியும்."

"யாரும்மா கண்டுபிடிச்சது?"

"பூந்தமல்லிக்காருதான் சார், நம்ம ஏரியா. கலீல் சார்னு. பேட்டன்ட்டுக்கெல்லாம் போட்டிருக்காரு."

கையை எடுத்தேன். எட்டு நொடி கழித்து விளக்குகள் ஒவ்வொன்றாக அணைந்தன. அந்த எட்டு நொடி நான் வைத்தது. ஐந்து வைத்தால் விரட்டுகிற மாதிரி இருக்கிறது, பத்து வைத்தால் தூங்கி வழிகிறது என்று மூன்று நாள் உட்கார்ந்து பார்த்து வைத்த எட்டு.

"வாங்கறீங்களா சார்?"

எம்.இ. முதல் வகுப்பு. ஐம்பத்து மூன்று வயது. அம்பத்தூர் எஸ்டேட்டில் எல்.இ.டி. விளக்குகளை நிறம் பார்த்துப் பிரிக்கிற வேலை. நான் எங்கே வாங்க?


4 ஜூன்

எட்டு நொடி. கேடுகெட்டவன், அதைக்கூட மாற்றவில்லை.


9 ஜூன், ஞாயிறு

வெள்ளானூரில் தண்ணீர் லாரி வரவில்லை. எதிர் மனையில் புது வீட்டுக்குக் கான்கிரீட் போடுகிறார்கள், காலையிலிருந்து ஒரே இரைச்சல். வெளியே போகாமல் உட்கார்ந்து என்னைக் கவிழ்த்தவர்கள் யார் யார் என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

முதலில் எங்கள் பழைய மேலாளர். 2016இல் நான் செய்துகாட்டிய அடுப்பைப் பார்த்துவிட்டு, "கண்ணாடிச் செலவுக்கு யாரு பதில் சொல்றது?" என்ற ஒரே கேள்வியில் மூடிவிட்டார். பிறகு கம்பெனியையே மூடினார்கள், அது வேறு. அடுத்து என் மைத்துனன். புதுமனைப் புகுவிழாவில் எல்லார் முன்னாலும், "மாமா இன்னும் ஆராய்ச்சியிலதான் இருக்காரு" என்று சிரித்தவன். கல்லூரி வாட்ஸப் குழுவில் என் பிறந்தநாளை மட்டும் மறக்கும் நாற்பத்தேழு பேர்.

எல்லாருக்கும் மேலே கலீல் ரகுமான். பதினாறு வருடம் பக்கத்து மேசை. அவன் சாப்பாட்டில் பாதி என்னுடையது, என்னுடையதில் பாதி அவனுடையது. 2018இல் கம்பெனி மூடிய அன்று கேட்டருகே தோளில் கை போட்டு, "மாமே, நாம ரெண்டு பேரும் சேந்து எதுனா பண்ணுவோம்" என்றான். தனியாகப் பண்ணினான். 2019இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்திருக்கிறான். 2021இல் அது இணையத்தில் வெளியானபோது பார்த்தேன். கண்டுபிடிப்பாளர் என்ற இடத்தில் ஒரே ஒரு பெயர்.

அந்த மாதங்களில் நான் வீட்டில் வேறு எதையும் பேசவில்லை. வரலட்சுமி ஏதாவது சொல்ல வந்தால் "நீ சும்மா இரு" என்பேன். 2022 பொங்கல் முடிந்த வாரம் அவள் மகள் பிரியாவைக் கூட்டிக்கொண்டு திருநின்றவூரில் வாடகைக்கு வீடு பார்த்துப் போய்விட்டாள். சண்டை இல்லை, சத்தம் இல்லை. இரண்டு பெட்டி, ஒரு அடுப்பு.

அதற்கும் கலீல்தான் காரணம் என்று வைத்திருக்கிறேன்.


12 ஜூன்

அம்பத்தூர் ஓ.டி.யில் பேக்கரிக்கு மேல் மாடியில் ராஜசேகரன் என்ற வக்கீலைப் பார்த்தேன். காப்புரிமை வழக்குகள் மட்டுமே எடுக்கிறவர். என்னைவிட இளையவர், நன்றாகக் கேட்டுக்கொள்கிறார்.

கலீலுக்கு இன்னும் காப்புரிமை கொடுக்கவில்லையாம், விண்ணப்பம் நிலுவையில்தான் இருக்கிறதாம். கொடுப்பதற்கு முன்னால் எதிர்ப்புத் தெரிவிக்கலாம். "உங்ககிட்டேந்து முறைகேடா எடுத்துட்டாருன்னு ஒரு கிரவுண்டே சட்டத்துல இருக்கு சார். ஆனா சும்மா சொன்னா நிக்காது. 2016ல நீங்க எழுதினது எதுனா கையில இருக்கா?"

இருக்கிறது என்றேன். எங்கே என்றுதான் தெரியவில்லை.


15 ஜூன்

கிடைத்தது!

பரணில், கொலுப் பொம்மை அட்டைப்பெட்டிக்கு அடியில். கறுப்பு அட்டை, பக்கங்களுக்கு எண் அச்சடித்த ஆய்வுக் குறிப்பேடு. எங்கள் மேலாளர் எதில் சரியோ தவறோ, இந்தக் குறிப்பேட்டில் மட்டும் கெடுபிடியாக இருந்தார். பேனாவில்தான் எழுத வேண்டும். பக்கம் கிழிக்கக் கூடாது. தவறு வந்தால் சுரண்டக் கூடாது, வெள்ளை பூசக் கூடாது. ஒரே ஒரு கோடு போட்டு அடித்துப் பக்கத்தில் சுருக்கொப்பம் வைக்க வேண்டும். அடித்தது என்ன என்று எவனும் படிக்கிற மாதிரி இருக்க வேண்டும். ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும், அந்தக் கண்டுபிடிப்பில் பங்கில்லாத ஒருவர் அன்றைக்கே படித்து, "படித்துப் புரிந்துகொண்டேன்" என்ற வரிக்குக் கீழே கையெழுத்திட வேண்டும்.

பக்கம் 61. 21 பிப்ரவரி 2016, ஞாயிற்றுக்கிழமை. என் கையெழுத்து. படம், அம்புக்குறி, பதினான்கு பொத்தானுக்கும் எது எப்போது எரியும் என்ற அட்டவணை, எல்லாம் இருக்கிறது. அன்று கலீல் மதியச் சாப்பாட்டுக்கு வந்திருந்தான். அவன் போனதும் எழுதினேன். ஞாயிற்றுக்கிழமை சாட்சிக்கு ஆபீஸில் யார் இருக்கிறார்கள்? திட்டத்தில் இருப்பதால் கலீல் போடவும் கூடாது. அதனால் வரலட்சுமியிடம் நீட்டினேன். கையைத் துடைத்துக்கொண்டு வந்து போட்டாள். சரியாகத் துடைக்கவில்லை, ஓரத்தில் மாவு ஒட்டிய விரல் தடம் காய்ந்து இன்னும் இருக்கிறது.

வீ. வரலட்சுமி. தேதியோடு.

எட்டு வருடத்துக்குப் பிறகு என் பக்கம் ஒரு காகிதம்.


17 ஜூன்

பக்ரீத். கலீலின் மனைவி அஷ்ரஃபுன்னிசா முன்பெல்லாம் இந்த நாளில் தூக்கில் பிரியாணி கொடுத்தனுப்புவார். வரலட்சுமி தூக்கை வெறுமனே திருப்பித் தர மாட்டாள், அதிரசம் போட்டு அனுப்புவாள்.

ஓட்டலில் தயிர்சாதம்.


19 ஜூன்

ராஜசேகரன் குறிப்பேட்டைப் புரட்டப் புரட்ட நிமிர்ந்து உட்கார்ந்தார். "சார், இது தங்கம். பக்க நம்பரு, தேதி, சாட்சி. கம்பெனியும் மூடியாச்சு, உரிமை கேக்க ஆளில்ல." பிறகு பக்கம் 61இல் விரலை வைத்தார். "மேல ஒரு வரி அடிச்சிருக்கீங்களே. மத்ததெல்லாம் இங்கிலீஷு, இது மட்டும் தமிழ்ல. இன்னா சார் அது?"

"ஒண்ணுமில்ல. தேதி தப்பா எழுதிட்டேன்" என்றேன்.

அவர் மேலே கேட்கவில்லை. அறையில் வெளிச்சம் குறைவு. தமிழ் என்பதும் என் சுருக்கொப்பமும்தான் அவர் கண்ணில் பட்டிருக்கும்.

"அப்ப சாட்சிதான் முக்கியம். இந்த அம்மா ஒரு பிரமாணப் பத்திரம் குடுக்கணும். அந்தத் தேதியில இத பாத்தேன், புரிஞ்சிக்கிட்டேன், இது வீரராகவன் சார் தானா யோசிச்சதுன்னு. யாரு சார் இவங்க?"

"மிஸஸ்."

"அப்பறம் இன்னா சார், வேலை சுலபமாச்சு" என்று சிரித்தார்.

நானும் சிரித்து வைத்தேன்.


23 ஜூன்

பிரியாவுக்குப் போன் போட்டேன். மாதம் ஒரு முறை அவள்தான் போடுவாள், நான் போட்டதும் பதறிவிட்டாள். "இன்னாப்பா, உடம்பு எதுனா சரியில்லையா?" ஒரு கையெழுத்து வேண்டும், காகிதத்தை உன்னிடம் கொடுத்தால் அம்மாவிடம் வாங்கித் தருகிறாயா என்றேன்.

"நான் கொரியர் இல்லப்பா."

"பிரியா —"

"ரெண்டரை வருஷமா இங்க ஒருதடவை வந்திருக்கியா நீ? ஆவடியில ட்ரெய்ன் ஏறினா கால் மணி நேரம். நேர்ல வா. அம்மாகிட்ட நீயே கேளு."

இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு அப்பாவிடம் எப்படிப் பேச வேண்டும் என்று யாரும் சொல்லிக்கொடுப்பதில்லை.


30 ஜூன், ஞாயிறு

போனேன். போயிருக்கவே கூடாது.

ஏரிக்குப் போகிற சாலையில் இரண்டாவது சந்து, முதல் மாடி. வரலட்சுமி கதவைத் திறந்து, "வாங்க. வழி தெரிஞ்சிதா?" என்றாள். கண்ணாடி போட்டிருந்தாள். எப்போதிலிருந்து என்று எனக்குத் தெரியாது. பள்ளிக்கூடத்தில் ஆய்வகத்தைப் பார்த்துக்கொள்கிறாளாம். பி.எஸ்சி. இயற்பியல் படித்தவள்தானே, இருபத்தைந்து வருடம் கழித்து உபயோகப்படுகிறது.

அடுக்களையில் அந்த அடுப்பு. நான் 2016இல், கழித்துப்போட்ட சர்க்யூட் பலகையில் செய்து, கண்ணாடிக்கு மர விளிம்பு வைத்துக் கொடுத்த சோதனை அடுப்பு. உலகத்திலேயே முதலாவது. அதன் மேல் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. இதையும் சான்றாகக் கொடுக்கலாமா என்று ராஜசேகரனைக் கேட்க வேண்டும் — அங்கே நின்றபோது இதுதான் எனக்குத் தோன்றியது.

"சாப்பிட்டீங்களா?"

"ஆச்சு." ஆகவில்லை.

காகிதத்தைக் கொடுத்தேன். இரண்டு முறை படித்தாள்.

"'என் கணவர் வேறு எவர் உதவியும் இன்றித் தாமே யோசித்த.' யாரு எழுதினது இத?"

"வக்கீலு. அது ஒரு ஃபார்மேட்டு."

"ஃபார்மேட்டா?" சிரித்தாள். பிரியா துணி எடுக்க மொட்டை மாடிக்குப் போய்விட்டாள். "அன்னிக்கு நடந்தது ஞாபகம் இருக்கா உங்களுக்கு?"

"கையெழுத்து கேட்டேன், போட்டே."

"அதுக்கு முன்னால?"

"கலீல் வந்தான், சாப்பிட்டான், போனான்."

"அவரு சாப்பிடும்போது?"

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "இத பாரு, பேச்சோட பேச்சா நீ மாவு அது இதுன்னு ஏதோ சொல்லியிருப்பே. வீட்டுல ஆயிரம் பேசுவோம். அதெல்லாம் கண்டுபிடிப்பு ஆயிடுமா? சர்க்யூட் போட்டது யாரு? சென்சார் வெச்சது யாரு?"

"நீங்கதான். நான் இல்லைன்னனா?"

"அப்பறம் இன்னா?"

அவள் காகிதத்தை மடிப்பு கலையாமல் மடித்து மேசைமேல் வைத்தாள். அதன்மேல் பேனாவையும் வைத்தாள்.

"போடறேங்க. மாட்டேன்னு சொல்லல. ஆனா, அன்னிக்கு நான் இன்னா சொன்னேன்னு என் மூஞ்சிய பாத்து ஒருதடவை சொல்லுங்க. வார்த்தைக்கு வார்த்தை வேணாம். சொன்ன உடனே போட்டுடறேன்."

நான் பேனாவைத்தான் பார்த்தேன்.

"எனக்கு ஞாபகமில்ல" என்றேன். காகிதத்தை எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டேன். படியில் பிரியா துணியோடு நின்றிருந்தாள். ஒதுங்கி வழி விட்டாள்.


3 ஜூலை

எல்லாரும் ஒன்று. அவன் திருடினான், இவள் பேரம் பேசுகிறாள். நான் என்ன கேட்டுவிட்டேன்? ஒரு கையெழுத்து! போட்ட கையெழுத்தைப் போட்டேன் என்று சொல்ல இன்னொரு கையெழுத்து!


8 ஜூலை

கலீலைப் போய்ப் பார்த்தேன். ராஜசேகரன் பார்க்காதீர்கள் என்றுதான் சொன்னார்.

குமணன்சாவடி முனையில் பைக் நிறுத்தக்கூட இடமில்லை. அவன் பட்டறை இரண்டு மாடி. என்னைப் பார்த்ததும் எழுந்து வந்தான். தாடி முழுக்க நரைத்துவிட்டது.

"அடடே, மாமே! இன்னா திடீர்னு? ஊட்ல எல்லாரும் சொகமா கீறாங்களா?"

வீட்டில் யாரும் இல்லை என்று அவனுக்குத் தெரியாதா? தெரியும். எதிர்ப்பு மனு போடப் போகிறேன் என்றேன். பக்கம் 61ஐப் பற்றிச் சொன்னேன். தேதி, சாட்சி, எல்லாம். அவன் முகம் மாறும் என்று எதிர்பார்த்தேன். அவன் டீ சொன்னான்.

"போடு மாமே. நீ போடுவேன்னு மூணு வருஷமா பாத்துகினே கீறேன். சாட்சி யாரு, தங்கச்சியா?"

"ஆமா."

"தங்கச்சி வந்து இன்னா சொல்லும்?"

டீ வந்தது.

"நான் அன்னிக்கு அங்கதானே குந்திகினு இருந்தேன். தட்டுல சோறு, உங்க ஊட்டு கத்திரிக்கா கொழம்பு. தங்கச்சி ரெண்டு கையிலயும் மாவ வெச்சிகினு சொல்லிச்சு. நீயும் கேட்ட, நானும் கேட்டேன். நான் சோறு துன்னுகினு இருந்தேன், நீ பேனா எடுத்த. அவ்ளோதான் வித்தியாசம்." டீயை என் பக்கம் நகர்த்தினான். "உன்கிட்டேந்து நான் எடுக்கல மாமே. உன்துன்னு இருந்தாத்தானே எடுக்கறதுக்கு."

"அப்ப அவ பேர போட வேண்டியதுதானே? போட்டியா?"

"நீ போட்டியா?"

டீயைக் குடிக்காமல் வந்துவிட்டேன். பட்டறை வாசலில் வரிசையாகப் பத்துப் பன்னிரண்டு அடுப்பு சோதனைக்கு வைத்திருந்தார்கள். நான் கடந்துபோகும்போது ஒவ்வொன்றிலும் ஒரு விளக்கு விழித்துக்கொண்டது.


9 ஜூலை

வேலைக்குப் போகவில்லை.


14 ஜூலை, ஞாயிறு

எழுதிவிடுகிறேன். இந்த நோட்டை யாரும் பார்க்கப் போவதில்லை, இருந்தும் கை வரமாட்டேன் என்கிறது.

பக்கம் 61இல் அடித்த வரி தேதி அல்ல. பரணிலிருந்து எடுத்த அன்றே படித்தேன். படித்துவிட்டுப் படிக்காத மாதிரி அடுத்த வரிக்குப் போனேன். வக்கீல் விரல் வைத்தபோதும் தெரியும். மேலாளருடைய விதி: அடித்தது என்ன என்று எவனும் படிக்கிற மாதிரி இருக்க வேண்டும். விதியை நான் ஒழுங்காகப் பின்பற்றியிருக்கிறேன். ஒரே கோடு. கீழே எழுத்து அப்படியே இருக்கிறது.

"வரலட்சுமி சொன்னது: இப்ப எத தொடணுமோ அது மட்டும் எரியட்டும்."

முதலில் அப்படித்தான் எழுதியிருக்கிறேன். கேட்டது கேட்டபடி, அவள் பேச்சிலேயே. பிறகு — எவ்வளவு நேரம் கழித்து? ஒரு நிமிடம்? — மேலாளர் படிப்பாரே, பெண்டாட்டி சொன்னதை எழுதிக்கொண்டு வந்திருக்கிறான் என்று மதியச் சாப்பாட்டில் சிரிப்பார்களே என்று நினைத்திருப்பேன். கோடு. சுருக்கொப்பம். அதன் கீழே இங்கிலீஷில் நல்ல இலக்கணத்தோடு அதையே எழுதினேன். கேட்பதற்கு என்னுடையது மாதிரியே இருந்தது. ஒரு வாரத்தில் என்னுடையதாகவே ஆகிவிட்டது. பொய் சொல்கிறோம் என்று தெரிந்தால் அதை விட்டுவிடலாம். எனக்குத் தெரியவே இல்லை.

அதற்குப் பிறகு செய்ததுதான். அதைத்தான் தாங்க முடியவில்லை. சாட்சி என்பவர் கண்டுபிடிப்பில் பங்கில்லாதவராக இருக்க வேண்டும். அதற்காகத்தான் அந்த வரி. எனக்கு அது தெரியும், அவளுக்குத் தெரியாது. பக்கத்தைத் திருப்பிக்கூடக் காட்டவில்லை, அடியை மட்டும் காட்டி "இங்க போடு" என்றேன். அவள் சொன்னதில் அவளுக்குப் பங்கில்லை என்று அவள் கையாலேயே எழுதி வாங்கினேன். அவள் கையில் மாவு.

கலீல் விண்ணப்பத்தை இன்று முதல் தடவையாக முழுக்கப் படித்தேன். மூன்று வருடமாகப் பெயர் இருக்கிற முதல் பக்கத்தை மட்டும்தான் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன். அவன் சென்சார் வேறு, சர்க்யூட் வேறு. உரிமை கோருவதெல்லாம் அந்த ஒரே விஷயத்துக்குத்தான். அப்போது தொடக்கூடிய பொத்தான் மட்டும் ஒளிரும் முறை. எட்டு நொடி எந்தக் கோரிக்கையிலும் இல்லை.

என்னுடையது என்று அதில் இருந்தது அந்த எட்டு நொடிதான். அதை எடுத்ததற்காக யாரும் யார்மேலும் வழக்குப் போட முடியாது.


16 ஜூலை

பிரமாணப் பத்திரத்தைக் கிழித்தேன். கிழித்ததால் ஒன்றும் நேரவில்லை. சமையலறையில் நின்று கொஞ்ச நேரம் — சரி, விடு.


21 ஜூலை, ஞாயிறு

மறுபடி திருநின்றவூர்.

பிரியா ஞாயிறு டியூட்டிக்குப் போயிருந்தாள். வரலட்சுமி அடைக்கு அரைத்து வைத்திருந்தாள். என்னைப் பார்த்ததும், "உக்காருங்க, கை வேலையா இருக்கேன்" என்றாள். நான் உட்காரவில்லை. அடுக்களை வாசலிலேயே நின்று சொன்னேன். எழுதி வைத்துப் பழகிக்கொண்டு போனது எல்லாம் மறந்துவிட்டது.

"அன்னிக்கும் அடை மாவுதான். ரெண்டு கையிலயும். பழைய அடுப்புல பதினாலு பட்டனும் எரிஞ்சிகிட்டு இருந்தது. தீய குறைக்கணும், எதுன்னு தெரியாம நீ முழங்கையால எதையோ அமுக்கி மொத்தமா அணைஞ்சிபோச்சு. கலீல் சிரிச்சான். நான் உன்ன திட்டினேன், படிச்சவதானே, பட்டன பாத்து அமுக்கத் தெரியாதான்னு. நீ கைய மேல தூக்கி வெச்சிகிட்டே சொன்னே. எல்லாமே எரிஞ்சா நான் எத பாக்கறது? இப்ப எத தொடணுமோ அது மட்டும் எரியட்டும். மத்ததெல்லாம் தூங்கட்டும். என் கை வந்தா முழிச்சிக்கட்டும்னு சொன்னே."

அவள் அடுப்பின் பக்கம் கையை நீட்டினாள். ஒரு விளக்கு வந்தது. தொட்டு அணைத்தாள். கையைக் கழுவிக்கொண்டு புடவையில் துடைத்தபடி முன்னறைக்கு வந்தாள்.

"திட்டினதைக்கூட ஞாபகம் வெச்சிருக்கீங்க."

"எழுதி அடிச்சதையும் பாத்தேன்."

"நானும் பாத்தேன்" என்றாள்.

எனக்கு முதலில் புரியவில்லை.

"அன்னிக்கே. நீங்க அடியில காட்டினீங்க, எனக்கு மேல கண்ணு போகாதா? என் பேரு, அதுமேல ஒரு கோடு. சரி, ஆபீஸ்ல ஏதோ விதி போலருக்கு, நாளைக்கு சொல்லுவாருன்னு நெனைச்சேன். அப்பறம் அடுத்த வாரம் சொல்லுவாருன்னு. கலீல் அண்ணன் எடுத்துட்டாருன்னு நீங்க குதிச்சப்பவாவது சொல்லுவீங்கன்னு பாத்தேன். சொன்னது நான், எழுதினது நீங்க, எடுத்தது அவரு. இதுல நான் யார் மேல கோவப்படறது? அத சொல்ல வந்தா சும்மா இருன்னீங்க."

அப்போதும் சும்மா இருந்தேன். இந்த முறை நான்.

"பேப்பர குடுங்க, சொன்னபடி போடறேன்."

"கிழிச்சிட்டேன். வக்கீல் வேற எழுதுவாரு. உன் பேர்ல. எதிர்ப்பு நீ போடணும். நான் இல்ல."

அவள் யோசித்தாள். வேண்டாம் என்பாள் என்று நினைத்தேன். எனக்கு எதுக்குங்க இதெல்லாம் என்பாள், நான் வற்புறுத்துவேன், அவள் கண் கலங்குவாள் — ரயிலில் வரும்போது அப்படித்தான் பார்த்துவைத்திருந்தேன்.

"போடறேன்" என்றாள். "என்னிக்கி வரணும்னு பிரியாகிட்ட சொல்லிடுங்க."

கேட்க வேண்டும் என்று நினைத்துப் போகவில்லை. வாயில் வந்துவிட்டது. "ஊட்டுக்கு வந்துடு வரலு."

அவள் முகத்தில் கோபமே இல்லை. கோபம் இருந்திருந்தால் நான் நின்று வாதாடியிருப்பேன்.

"நான் அன்னிக்கு சொன்னத உங்க வாயால கேக்கறதுக்குத்தான் அங்க அத்தனை வருஷம் உக்காந்திருந்தேன்னு இப்பதாங்க தெரியுது. கேட்டாச்சு. இனிமே அங்க எனக்கு இன்னா இருக்கு?"

பிறகு, "ரெண்டு அடை வாக்கறேன், சாப்பிட்டுட்டுப் போங்க. பசியோட இருக்கீங்க, மூஞ்சியிலயே தெரியுது" என்றாள்.

சாப்பிட்டேன். நன்றாக இருந்தது என்று சொன்னேன். இருபத்தாறு வருடத்தில் எத்தனை தடவை சொல்லியிருக்கிறேன் என்று எண்ணிப் பார்க்கப் பயமாக இருந்தது.


25 ஜூலை

ராஜசேகரனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் குறிப்பேட்டை ஜன்னல் பக்கம் கொண்டுபோய் அடித்த வரியைப் படித்தார்.

"தேதின்னீங்களே சார்."

"ஆமா."

"அவங்க கம்பெனி ஊழியரும் இல்ல. அப்ப முழுசா அவங்களோடதுதான். நீங்க கூட்டா பேர் போடச் சொல்லிக் கேக்கலாம், எட்டு நொடி, அந்த மாதிரி —"

"வேணாம்."

"உங்களுக்கு இதுல ஒண்ணும் வராது சார். சொல்லிட்டேன்."

"தெரியும்."

தெரியும் என்று சொல்வது சுலபமாக இருந்தது. பேக்கரிப் படியில் இறங்கும்போது கைப்பிடியைப் பிடித்துக்கொண்டேன்.


10 ஆகஸ்ட்

வக்கீலிடம் மூன்று பேரும் சேர்ந்து வந்தோம் என்று எழுதப் பார்த்தேன். அவர்கள் இருவரும் வந்தார்கள். நான் முன்பே போய்க் காத்திருந்தேன்.

ராஜசேகரன் கணினியில் தட்டிக்கொண்டே கேட்டார், "மேடம், ஒய்ஃப் ஆஃப் போடவா, டாட்டர் ஆஃப் போடவா? ரெண்டும் செல்லும்."

வரலட்சுமி என்னைப் பார்க்கவில்லை. பார்க்காமல் இருந்ததுகூட எனக்காகத்தான் என்று தோன்றியது.

"டாட்டர் ஆஃப் சின்னசாமி."

விலாசம் திருநின்றவூர். அச்சடித்து வந்ததும் ஒவ்வொரு பக்கமாகப் படித்தாள். ஓர் இடத்தில் நிறுத்தி, "முழங்கையால அமுக்கினதும் போடணுமா சார்?" என்று கேட்டாள். பிரியா சிரித்தாள், ராஜசேகரன் சிரித்தார், அவளும் சிரித்தாள். நானும் சேர்ந்துகொண்டிருக்கலாம்.

கையெழுத்து: சி. வரலட்சுமி. பக்கம் 61இல் என் முதலெழுத்து இருந்த இடத்தில் இப்போது அவள் அப்பாவுடையது.

அடுத்தது என்னுடைய பத்திரம். அன்று அவள் சொன்னதை நான் கேட்டேன், கேட்டதை எழுதினேன், எழுதியதை அடித்தேன் என்று. கடைசி வரிக்குக் கீழே ஒரு கோடு, அதன் அடியில் சாட்சி என்று அச்சடித்திருந்தது.

"படிச்சிட்டுப் போடுங்க சார்."

படித்தேன். போட்டேன்.

மாடிப்படியில் இறங்கும்போது அவள் நின்றாள். "அடுப்புல மூணாவது விளக்கு ஒரு மாசமா எரியலங்க. அந்தக் கலர்லயே கிடைச்சா பிரியாகிட்ட குடுத்து விடுங்க."

"நான் வந்து மாத்தித் தரேன்."

"ஸ்கூல்ல சால்டரிங் அயர்ன் இருக்கு. நானே மாத்திக்கறேன்."

அவர்கள் ஸ்டேஷன் பக்கம் நடந்தார்கள். பிரியா ஒரு தடவை திரும்பிப் பார்த்துக் கை காட்டினாள்.


24 ஆகஸ்ட்

எட்டு வருடத்துக்கு முந்தைய நிறம் இப்போது வருவதில்லை. சாப்பாட்டு வேளைகளில் கிடங்கிலிருந்த பழைய பெட்டிகளை எடுத்து ஒவ்வொன்றாக எரியவிட்டுப் பார்த்தேன், இரண்டு வாரமாக. முதலாளி, "இன்னா சார், புதுசா எதுனா கண்டுபிடிக்கறீங்களா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

நான்கு ஒத்து வந்தன. ஒன்று போதும், மீதி அவளிடம் இருக்கட்டும். பஞ்சில் சுற்றி உறையில் வைத்து ஒட்டினேன். மேலே பெயர் எழுதினேன். அனுப்புநர் என்ற இடத்தில் பேனாவை வைத்துவிட்டு எடுத்துவிட்டேன்.

திங்கள் காலை எட்டு ஐந்துக்குப் பிரியாவின் ரயில் ஆவடியில் நிற்கும். ஜன்னல் ஓரம் உட்காரச் சொல்லியிருக்கிறேன்.